கண்ணில்லாத புழு வேரை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

காலையில் தண்ணீர் ஊற்றிய வெண்டைச் செடி நண்பகலில் தலை தொங்கி நிற்கிறது. மாலையில் மெல்ல நிமிர்கிறது. மறுநாளும் அதே கதை. இலை வெளுக்கிறது, காய் சிறுத்துப்போகிறது. சத்து போதவில்லை போலும் என்று இன்னும் ஒரு பிடி உரம் போடுகிறார்கள். பலன் இல்லை.

பண்டார் பாரு மாவட்டத்தில் செர்டாங் பக்கமோ, கிரியான் ஆற்றங்கரைப் பக்கமோ, வீட்டுக்குப் பின்னால் நான்கு பாத்தி காய்கறி போட்டிருக்கும் வீட்டுப் பிள்ளை என்றால் இப்படி ஒரு செடியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை அதைப் பிடுங்கித் தூர எறிவதற்கு முன் வேரைத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். மெல்லிய நூல்போல இருக்க வேண்டிய வேர், மணி கோத்ததுபோல் ஆங்காங்கே வீங்கி முடிச்சு முடிச்சாக இருந்தால், குற்றவாளி உரமும் அல்ல, வெயிலும் அல்ல. நீங்கள் பார்ப்பது வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை.

பயற்றங்காய், நிலக்கடலை வேர்களிலும் உருண்டைகள் இருக்குமே என்று கேட்பீர்கள். அவை வேறு. காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்குச் சேர்த்துத் தரும் நல்ல பாக்டீரியாக்களின் வீடுகள் அவை. வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும். விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். நறுக்கிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சோ வேரே வீங்கிய வீக்கம். அதைப் பிரிக்க வேண்டுமானால் வேரைத்தான் பிய்க்க வேண்டும்.

அந்தப் புழுவின் குஞ்சு அரை மில்லிமீட்டர் நீளம்கூட இல்லை. அதற்குக் கண் இல்லை, காது இல்லை. இருட்டு மண்ணுக்குள், கோடிக்கணக்கான மணல் துகள்களுக்கு நடுவே, உங்கள் வெண்டையின் வேர் இருக்கும் இடம் அதற்கு எப்படித் தெரிந்தது?

விடை வேதியியலில் இருக்கிறது. அந்த வேதியியலைப் புரிந்துகொண்டால், நஞ்சு தெளிக்காமலேயே புழுவை ஏமாற்றவும் முடியும்.

நம் காலடியில் ஓர் உலகம்

நூற்புழுக்களை அறிவியல் பாடத்தில் நெமாதோடா என்ற பெயரில் படித்திருப்பீர்கள். மண்புழுவுக்கும் இவற்றுக்கும் உறவு இல்லை. மண்புழுவின் உடல் வளையம் வளையமாக இருக்கும்; நூற்புழு வழவழப்பான உருளை.

2019இல் வெளியான ஓர் உலகளாவிய ஆய்வு, பூமியின் மேல்மண்ணில் வாழும் நூற்புழுக்களைக் கணக்கிட்டது. 44 என்று எழுதி அதன் பின்னால் 19 சுழியங்கள் போட்டால் எவ்வளவோ, அவ்வளவு. உலகிலுள்ள ஒவ்வொரு மனிதருக்கும் ஐம்பது பில்லியனுக்கு மேல் பங்கு வரும். நிலத்தில் வாழும் விலங்குகளை எண்ணிக்கையால் கணக்கிட்டால் ஐந்தில் நான்கு நூற்புழுக்கள்தாம்.

இவற்றில் பெரும்பாலானவை யாருக்கும் கெடுதல் செய்வதில்லை. பாக்டீரியாவையும் பூஞ்சையையும் தின்று மண்ணின் சத்துச் சுழற்சிக்கு உதவுகின்றன. ஒரு சிறு பகுதி மட்டுமே பயிரைத் தின்கிறது. அப்படித் தின்னும் புழுக்களின் வாயில் ஊசி போன்ற கூரான உறுப்பு ஒன்று உண்டு. அதை வேரின் உயிரணுவுக்குள் குத்தித்தான் அவை சாற்றை உறிஞ்சுகின்றன.

தலையில் இரண்டு குழிகள்

புழுவின் வாய்க்கு இருபுறமும் ஆம்பிட் எனப்படும் இரண்டு நுண்ணிய குழிகள் இருக்கின்றன. அவைதாம் அதன் மூக்கும் நாக்கும். குழிகளுக்குள் நரம்பணுக்களின் நுனிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மண் துகள்களைச் சுற்றியுள்ள மெல்லிய நீர்ப்படலத்தில் கரைந்து வரும் வேதிப்பொருள்கள் அந்த நுனிகளில் படும்போது செய்தி உள்ளே போகிறது.

இதைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி, பயிரைத் தொடாத ஒரு சாது நூற்புழுவிடமிருந்து கிடைத்தது. அதன் பெயர் சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ். அதன் உடலில் மொத்தம் 302 நரம்பணுக்களே உண்டு. ஒவ்வோர் ஆம்பிட் குழியிலும் 12 உணர்வு நரம்பணுக்கள். ஒன்று உப்பை உணரும், இன்னொன்று ஒரு வாசனையை உணரும் என்று வேலை பிரிக்கப்பட்டிருக்கிறது. பயிர்த் தின்னி நூற்புழுக்களுக்கும் இதே அமைப்புத்தான்.

வாசம் தெரிந்தால் மட்டும் போதுமா? அது வரும் திசையும் தெரிய வேண்டுமே. இரவுச் சந்தையில் உங்கள் கண்ணைக் கட்டிவிட்டு, வடை சுடும் கடையைக் கண்டுபிடிக்கச் சொன்னால் என்ன செய்வீர்கள்? இரண்டடி நடப்பீர்கள். வாசம் கூடினால் அப்படியே போவீர்கள், குறைந்தால் திரும்புவீர்கள். நூற்புழுவும் அதையேதான் செய்கிறது. செறிவு கூடக் கூட நேராக நகர்கிறது. குறையும்போது அடிக்கடி திரும்பி வேறு திசையை முயல்கிறது. வரைபடம் தேவையில்லை. கொஞ்சம் முன்பு இருந்ததைவிட இப்போது கூடவா, குறைவா என்ற ஒரே கேள்வி போதும்.

வேர் ஏன் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது?

வேர் சும்மா இருப்பதில்லை. அது மூச்சு விடுகிறது. அதனால் கரிவளி வெளியாகிறது. சர்க்கரை, அமினோ அமிலம், கரிம அமிலம் எனப் பலவற்றைச் சுற்றியுள்ள மண்ணில் கசியவிடுகிறது. இது வீண் செலவு அல்ல. நன்மை செய்யும் பாக்டீரியாவையும் பூஞ்சையையும் அழைக்கவும், மண்ணில் ஒட்டியிருக்கும் சத்தைக் கரைத்தெடுக்கவும் செடி கொடுக்கும் விலை அது. கடையைத் திறந்து வைத்தால் வாடிக்கையாளரோடு திருடனும் வரத்தான் செய்வான்.

மண்ணுக்குள் கரிவளி கூடும் பக்கம் ஏதோ ஓர் உயிர் இருக்கிறது என்று புழுவுக்குத் தெரிகிறது. ஆனால் அது அழுகும் இலையாகவும் இருக்கலாம். அருகில் போனபின் இன்னும் நுட்பமான அடையாளங்கள் தேவை. அவற்றில் ஒன்று அமிலத்தன்மை. வளரும் வேர் நுனியைச் சுற்றிய மண் சற்று அமிலமாக இருக்கும். அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தெளிவான ஜெல் ஒன்றுக்குள் வேர்முடிச்சு நூற்புழுக்களை விட்டு, அமிலச் செறிவு படிப்படியாக மாறும்படி செய்து பார்த்தார்கள். pH மதிப்பு 4.5 முதல் 5.4 வரை உள்ள பகுதியில் புழுக்கள் திரண்டன. 2009இல் அந்த ஆய்வு வெளிவந்தது.

நுனியை அடைந்த புழு அதன் சற்றுப் பின்னால் துளைத்து உள்ளே போகிறது. வேரின் நடுப்பகுதியில் சில உயிரணுக்களைத் தேர்ந்தெடுத்துத் தன் உமிழ்நீரைச் செலுத்துகிறது. அந்த உயிரணுக்கள் பிரியாமலே உட்கருக்களை மட்டும் பெருக்கிக்கொண்டு பூதாகரமாகின்றன. புழுவுக்கு அவை அட்சய பாத்திரம். சுற்றியுள்ள திசுவும் வீங்குவதால்தான் வெளியே முடிச்சு தெரிகிறது. பெண் புழு அங்கேயே பேரிக்காய் வடிவில் பருத்து, நூற்றுக்கணக்கான முட்டைகளைப் பசை போன்ற பொதிக்குள் இடுகிறது. நம்மூர்ச் சூட்டில் முட்டையிலிருந்து அடுத்த முட்டை வரை ஏறத்தாழ ஒரு மாதம்தான். நண்பகலில் செடி ஏன் வாடியது என்பதும் இப்போது புரிந்திருக்கும். தண்ணீர் ஏற்றும் குழாயிலேயே அடைப்பு.

தேவாலாவிலிருந்து உதகமண்டலம் வரை

நம் முன்னோரில் பலர் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி இங்குள்ள ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்த காலத்தில், நீலகிரி மாவட்டம் தேவாலாவில் ஒரு தேயிலைத் தோட்டத்துச் செடிகளின் வேரில் இதே முடிச்சுகளை ஒருவர் கண்டார். அவர் சென்னை மாகாணத்தின் அரசுத் தாவரவியலாளர் சி. ஏ. பார்பர். ஆண்டு 1901. இந்தியாவில் பயிர்த் தின்னி நூற்புழு பற்றிய முதல் பதிவாக அதையே குறிப்பிடுகிறார்கள். இதே பார்பர்தான் பிறகு கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க ஆராய்ச்சியைத் தொடங்கி வைத்தவர்.

அறுபது ஆண்டுகள் கழித்து அதே நீலகிரியில் இன்னொரு கதை வெளிப்பட்டது. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த நூற்புழு வல்லுநர் எஃப். ஜி. டபிள்யூ. ஜோன்ஸ் 1961இல் உதகமண்டலத்தில் உருளைக்கிழங்கு வயலைப் பார்வையிட்டபோது, வேரில் கடுகைவிடச் சிறிய பொன்னிற உருண்டைகளைக் கண்டார். அது உருளைக்கிழங்கின் தங்க நூற்புழு. தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலை அதன் சொந்த ஊர். உருளைக்கிழங்கு பிறந்த இடமும் அதுவே. கிழங்கோடும் மண்ணோடும் ஐரோப்பாவுக்குப் போய், அங்கிருந்து உலகெங்கும் பரவியது. மலைச்சரிவில் ஆண்டுதோறும் கிழங்கையே நம்பிப் பயிரிட்ட குடும்பங்களுக்கு அது பேரிடி. 1971இல் நீலகிரியின் விதைக் கிழங்கு வெளியே போகாதபடி தடை விதிக்கப்பட்டது.

பெயர் தங்கம் என்றாலும் அந்த உருண்டை உண்மையில் ஒரு பிணம். முட்டையிடும் பருவத்தில் பெண் புழு முட்டைகளை வெளியே விடாமல் உடலுக்குள்ளேயே வைத்துக்கொண்டு இறந்துபோகிறது. அதன் தோல் தடித்து, கெட்டிப்பட்டு, ஒரு பெட்டியாகிறது. ஒரு பெட்டிக்குள் சில நூறு முட்டைகள். ஒவ்வொரு முட்டைக்குள்ளும் முழுமையாக வளர்ந்த குஞ்சு சுருண்டு கிடக்கிறது. பனியோ வறட்சியோ அதை ஒன்றும் செய்வதில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல்கூட அப்படியே உயிரோடு காத்திருக்கும்.

எதற்காகக் காத்திருக்கிறது? உருளைக்கிழங்கு வேரின் ஒரு சொல்லுக்காக.

ஒரு டன் வேரில் ஒரு துளி

பொரிந்து வெளியே வந்துவிட்டால் குஞ்சிடம் இருப்பது உடலில் சேர்த்துவைத்த கொழுப்பு மட்டுமே. சில வாரங்களுக்குள் வேர் கிடைக்காவிட்டால் அது செத்துவிடும். ஆகவே, அருகில் சாப்பாடு இருக்கிறது என்று உறுதியாகத் தெரியும் வரை பெரும்பாலான முட்டைகள் பொரிவதில்லை. உருளைக்கிழங்கு வேர் கசியவிடும் ஒரு பொருள் முட்டையைத் தொட்டதும் ஓட்டின் தன்மை மாறுகிறது. அதுவரை முட்டைக்குள் டிரிஹலோஸ் என்ற சர்க்கரைக் கரைசல் குஞ்சை அசையவிடாமல் வைத்திருந்தது. ஓடு இளகியதும் சர்க்கரை வெளியேறுகிறது, தண்ணீர் உள்ளே போகிறது, குஞ்சு விழித்துக்கொள்கிறது. ஊசிவாயால் ஓட்டில் வரிசையாகக் குத்தி, கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது.

அந்தப் பொருள் என்ன என்று கண்டுபிடிப்பது இலேசான வேலையாக இல்லை. முதல் வெற்றி, உறவுக்காரப் புழுவான சோயா முட்டைக்கூடு நூற்புழுவில் கிடைத்தது. ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் மசமுனே தலைமையிலான குழு பீன்ஸ் செடியின் உலர்ந்த வேர்களை ஒரு டன்னுக்கு மேல் சேகரித்துச் சாறெடுத்துப் பிரித்தது. கடைசியில் கையில் மிஞ்சியது ஒரு மில்லிகிராம் அளவுதான். கிளைசினோஎக்ளெபின் ஏ என்று பெயரிட்டு 1982இல் அறிவித்தார்கள்.

எவ்வளவு குறைவான அளவு அந்தப் புழுவுக்குப் போதும் தெரியுமா? ஒரு மில்லிலிட்டர் நீரில் ஒரு கிராமின் நூறு பில்லியனில் ஒரு பங்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஓர் ஒலிம்பிக் நீச்சல் குளத்தில் 2.5 மில்லியன் லிட்டர் நீர் இருக்கும். அதில் 25 மில்லிகிராம், அதாவது ஏறக்குறைய ஓர் அரிசி மணியின் எடை, கரைந்திருந்தால் போதும். முட்டைக்குச் செய்தி எட்டிவிடும்.

உருளைக்கிழங்குப் புழுவை எழுப்பும் பொருளின் பெயர் சோலனோஎக்ளெபின் ஏ. அதன் வடிவம் 1999இல் தெரியவந்தது. 2011இல் ஹொக்கைடோவின் வேதியியலாளர்கள் அதை ஆய்வுக்கூடத்திலேயே உருவாக்கினார்கள். அதற்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட வேதிவினைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டியிருந்தது.

2023இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கதையில் ஒரு திருப்பத்தைக் கண்டார்கள். உருளைக்கிழங்கு வேர் வெளியிடுவது உண்மையில் இதன் முன்வடிவமான சோலனோஎக்ளெபின் பி. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள்தாம் அதை ஏ ஆக மாற்றுகின்றன. ஆக, செடி சொன்னதை மண் மொழிபெயர்க்கிறது, புழு கேட்டுக்கொள்கிறது.

செடியும் ஒட்டுக்கேட்கிறது

இது ஒருவழிப் பேச்சு அல்ல. நூற்புழுக்கள் தங்களுக்குள் பேச அஸ்கரோசைடு எனப்படும் மூலக்கூறுகளை வெளியிடுகின்றன. துணையைத் தேடவும், இங்கே கூட்டம் அதிகம் என்று எச்சரிக்கவும் அவை பயன்படுகின்றன. அமெரிக்காவின் பாய்ஸ் தாம்சன் ஆய்வு நிலையத்தார் 2015இல் வெளியிட்ட ஆய்வில், செடிகள் இந்த மூலக்கூறுகளை உணர்ந்து தங்கள் தற்காப்பைத் தொடங்கிவிடுகின்றன என்று காட்டினார்கள்.

2020இல் அடுத்த செய்தி வந்தது. செடி அந்த மூலக்கூற்றை உள்ளிழுத்து, சற்று வெட்டி மாற்றி, மீண்டும் வேர் வழியே வெளியே விடுகிறது. மாற்றப்பட்ட கலவையை உணரும் புழுக்கள் விலகிப்போகின்றன. எதிரியின் கடிதத்தைப் பிரித்து, ஒரு வரியைத் திருத்தி, அவன் ஆட்களுக்கே திருப்பி அனுப்புவது போன்ற வேலை இது.

நஞ்சின் விலை

இவ்வளவு நுட்பம் எதற்கு, மருந்தடித்துக் கொன்றுவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். உலகம் அதைத்தான் முதலில் செய்தது. 1950களிலிருந்து டி.பி.சி.பி. என்ற நூற்புழுக் கொல்லி வாழைத் தோட்டங்களிலும் பழத்தோட்டங்களிலும் மண்ணுக்குள் செலுத்தப்பட்டது. 1977இல் கலிபோர்னியாவில் அதைத் தயாரித்த ஆலையின் ஆண் தொழிலாளர்கள், தங்களில் பலருக்குக் குழந்தை பிறக்கவில்லை என்பதைத் தங்களுக்குள் பேசிக்கொண்டபோது கவனித்தார்கள். பரிசோதனையில் உண்மை தெரிந்தது: அந்த வேதிப்பொருள் விந்தணுக்களை அழித்திருந்தது. மத்திய அமெரிக்காவின் வாழைத் தோட்டத் தொழிலாளர்களும் அதே பாதிப்புக்கு ஆளானார்கள். இழப்பீடு கேட்டு அவர்கள் நடத்திய வழக்குகள் பல ஆண்டுகள் நீண்டன.

இன்னொரு நஞ்சான மெத்தில் புரோமைடு ஓசோன் படலத்தைச் சிதைப்பதால், மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி வளரும் நாடுகளிலும் 2015ஆம் ஆண்டோடு மண்ணுக்குப் போடுவது நிறுத்தப்பட்டது.

நம்மில் பலருடைய தாத்தா பாட்டிகள் முதுகில் தெளிப்பான் சுமந்து தோட்டங்களில் மருந்தடித்தவர்கள். நஞ்சின் முதல் பங்கு புழுவுக்கல்ல, அதைக் கையால் தொடுபவருக்குத்தான் என்பதை அவர்கள் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஏமாற்றும் வழிகள்

நஞ்சுக்குப் பதில் என்ன? புழு வேதிச் செய்தியை நம்பி வாழ்கிறது; ஆகவே பொய்ச் செய்தி கொடுக்கலாம்.

முதல் வழி, சாப்பாடு இல்லாத நேரத்தில் எழுப்பிவிடுவது. உருளைக்கிழங்கு இல்லாத வயலில் பொரிக்கவைக்கும் பொருளைக் கலந்தால் குஞ்சுகள் வெளியே வந்து பட்டினியால் சாகும். ஆனால் ஐம்பது படிகளில் செய்த மூலக்கூற்றை வயல் முழுக்கக் கொட்ட யாருக்குக் கட்டுப்படியாகும்? அந்த வேலையை ஒரு செடியிடமே விட்டுவிடலாம். நெதர்லாந்தில் கத்தரிக் குடும்பத்து முட்செடி ஒன்றைப் பொறிப்பயிராக நடுகிறார்கள். அதன் வேர் உருளைக்கிழங்கு போலவே புழுவை எழுப்புகிறது. ஆனால் அதில் புழுவால் இனம்பெருக்க முடிவதில்லை.

இரண்டாவது, அழைத்துவிட்டுச் சோறு போடாமல் இருப்பது. உதகமண்டலத்தை அடுத்த முத்தோரை உருளைக்கிழங்கு ஆய்வு நிலையத்திலிருந்து 1985இல் வெளிவந்த குஃப்ரி சுவர்ணா என்ற ரகம் இப்படித்தான் தங்க நூற்புழுவை எதிர்க்கிறது. புழு உள்ளே நுழையும். ஆனால் அதற்கு வேண்டிய உணவு உயிரணுக்களை வேர் வளரவிடாது. தக்காளியிலும் வேர்முடிச்சுப் புழுவை எதிர்க்கும் மி என்ற மரபணு உண்டு. ஆனால் மண்ணின் வெப்பம் 28 டிகிரி செல்சியசைத் தாண்டினால் அது வேலை செய்வதில்லை. கெடா வெயிலில் அதை நம்பிப் பயனில்லை.

நமக்கு ஏற்ற துணை வேலியோரத்திலேயே இருக்கிறது: சுண்டைக்காய். மலாய்க்காரர்கள் தெரோங் பீப்பிட் என்பார்கள். அதன் வேர் வேர்முடிச்சு நூற்புழுவை நன்றாக எதிர்க்கும். அதனால் சுண்டைக்காய்ச் செடியின் அடித்தண்டில் கத்தரியை ஒட்டுக்கட்டுகிறார்கள். கீழே சுண்டை வேர், மேலே கத்தரிக்காய்.

மூன்றாவது, கோயில் மாலையில் வரும் செண்டுமல்லி. அதன் வேரில் ஆல்ஃபா டெர்தியெனில் என்ற பொருள் நூற்புழுவைக் கொல்லும் என்பது 1958இல் நெதர்லாந்து வேதியியலாளர்கள் கண்டது. ஓரிரு செடியை அழகுக்கு நட்டால் போதாது. பூவைத் தூவினாலும் பயனில்லை. வேலை செய்வது வேர். காய்கறி போடும் முன் அந்தப் பாத்தி முழுவதும் இரண்டு மூன்று மாதம் செண்டுமல்லியை நெருக்கமாக வளர்க்க வேண்டும். எல்லா ரகமும் எல்லாப் புழுவையும் தடுப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

புழுவுக்குக் கடவுச்சீட்டு வேண்டாம்

அரை மில்லிமீட்டர்ப் புழு தானாக நகரும் தூரம் சில பத்து சென்டிமீட்டர்தான். ஆண்டிஸ் மலையிலிருந்து உதகைக்கு அதைக் கொண்டுவந்தது மனிதன். 2018இல் இமாச்சலப் பிரதேசம் போன்ற வட மாநிலங்களிலும் அது கண்டுபிடிக்கப்பட்டு, அங்கிருந்தும் விதைக் கிழங்கை வெளியே அனுப்பத் தடை வந்தது.

தமிழ்நாட்டுக்குப் போய்வரும் உறவினர்கள் அங்கிருந்து மல்லிகைக் கன்றையோ கறிவேப்பிலைக் கன்றையோ வேரடி மண்ணோடு துணிப்பையில் சுற்றிக் கொண்டுவர ஆசைப்படுவதுண்டு. ஒரு பிடி மண்ணில் ஆயிரக்கணக்கான நூற்புழுக்கள் இருக்கலாம். மலேசியாவில் 1976ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டம் இதற்காகத்தான் இருக்கிறது. விமான நிலையத்தில் பையைத் திறக்கச் சொல்லும் அதிகாரி தேடுவது கன்றை அல்ல. அதன் வேரில் தூங்கும் விருந்தாளியை.

நீங்களே செய்து பாருங்கள்

சுமத்ரா தீவின் டெலி வட்டாரத்தில், தோட்டத் தொழிலாளர் மருத்துவமனையில் பணியாற்றிய பெயர்மன் என்ற மருத்துவர், மண்ணிலிருந்து கொக்கிப்புழுக் குஞ்சுகளைப் பிரிக்க 1917இல் ஓர் எளிய முறையை வெளியிட்டார். கொக்கிப்புழுவும் ஒரு நூற்புழுதான். வெறுங்காலோடு நடந்த தொழிலாளர்களின் இரத்தத்தைக் குடித்தது அது. மலாக்கா நீரிணைக்கு அக்கரையில் பிறந்த அந்த முறையை இன்றும் உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். நீங்கள் அதன் எளிய வடிவத்தைச் செய்யலாம்.

கையுறை அணிந்து, வாடிய செடியின் வேரடியிலிருந்து ஒரு கைப்பிடி ஈர மண் எடுங்கள். மாவு சலிக்கும் பழைய சல்லடை ஒன்றில் மெல்லிய தாளை விரித்து அதன்மேல் மண்ணைப் பரப்புங்கள். சல்லடையை ஒரு தட்டில் வைத்து, மண்ணின் அடி நனையும் அளவுக்கு ஓரமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு நாள் அசைக்காமல் விடுங்கள். உயிருள்ள நூற்புழுக்கள் தாளின் வழியே நெளிந்து தண்ணீருக்குள் இறங்கிவிடும். சல்லடையை எடுத்துவிட்டு, தட்டிலுள்ள நீரை ஓர் உயரமான குவளையில் ஊற்றி இரண்டு மணி நேரம் தெளியவிடுங்கள். அடியிலிருந்து ஒரு சொட்டு எடுத்துப் பள்ளி அறிவியல் கூடத்து நுண்ணோக்கியில் 40 மடங்கில் பாருங்கள்.

கண்ணாடி நூல்போல் நெளியும் உயிர்கள் தெரியும். 100 மடங்குக்கு மாற்றி வாயைப் பாருங்கள். ஊசி இருந்தால் அது தாவரத்தைத் தின்னும் புழுவாக இருக்கலாம். இல்லையென்றால் மண்ணுக்கு நன்மை செய்யும் கூட்டத்தைச் சேர்ந்தது. நல்ல செடியின் மண்ணையும் வாடிய செடியின் மண்ணையும் ஒப்பிட்டு எண்ணினால், அறிவியல் விழாவுக்கு ஒரு திட்டப்பணியே கையில் கிடைத்துவிடும்.

வேரில் முடிச்சு கண்டால் அந்தச் செடியை உரக்குழியில் போடாதீர்கள். வேரோடு எடுத்து, பையில் கட்டி, வெயிலில் நன்றாகக் காயவைத்துக் குப்பையில் சேருங்கள். அந்தப் பாத்தியை நனைத்து, தெளிவான நெகிழித்தாளால் மூடி, ஆறு வாரம் வெயிலுக்கு விடுங்கள். மண் சூடேறி மேல்மண்ணின் புழுக்களும் முட்டைகளும் பெருமளவு அழியும். பிறகு செண்டுமல்லி போடுங்கள்.

அதன்பின் வெண்டை நடுங்கள். இந்த முறை நண்பகலில் அது தலை நிமிர்ந்து நிற்கிறதா என்று நீங்களே பார்க்கலாம்.